மயங்கி விழுந்தவருக்கெல்லாம் பேஸ்மேக்கரா?

கோயில் வரிசையில் நின்றவர் சரிந்து விழுகிறார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்காருகிறார். "வெயில்தான், பசியோட வந்திருப்பாரு" என்று கூட்டம் கலைந்துவிடுகிறது. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அறுபதைக் கடந்த ஒருவர் ஆண்டுக்கு மூன்று முறை இப்படி விழுந்து, ஒருமுறை இடுப்பெலும்பையும் முறித்துக்கொண்டால்? அப்போதுதான் பேஸ்மேக்கர் பேச்சு வீட்டுக்குள் வருகிறது.

இதற்கு அனிச்சை மயக்கம் என்று பெயர். நெடுநேரம் நிற்பது, வலி, ரத்தத்தைப் பார்ப்பது போன்றவற்றால் நரம்பு மண்டலம் தவறான கட்டளை இடுகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. சிலருக்கு இதயத் துடிப்பே சில விநாடி நின்றுவிடுகிறது. பேஸ்மேக்கர் இரண்டாவதை மட்டுமே சரிசெய்யும். இறங்கிய ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த அதனால் முடியாது. பணம் கட்டும் முன் குடும்பத்தினர் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

2003இல் வெளியான ஓர் ஆய்வில், 100 நோயாளிகளுக்குப் பேஸ்மேக்கர் பொருத்தி, பாதிப்பேருக்கு அதை இயக்கத்தில் வைக்காமல் விட்டார்கள். இரு தரப்புக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2012இல் வந்த 'இஷ்யூ-3' ஆய்வு வேறு வழியில் போனது. 40 வயதைக் கடந்த 511 பேருக்கு நெஞ்சுத் தோலுக்கடியில் சிறு பதிவுக் கருவி வைத்துக் காத்திருந்தார்கள். இதயம் நின்றது 89 பேரிடம் பதிவானது. அவர்களில் 77 பேருக்குப் பேஸ்மேக்கர் வைத்ததில், கருவி இயங்காதவர்களில் 57 விழுக்காட்டினர் இரண்டாண்டுக்குள் மீண்டும் மயங்கினர். இயங்கியவர்களில் 25 விழுக்காட்டினர்தான். ஆக, யாருக்கு வைக்கிறோம் என்பதே முக்கியம்.

என் பெரியம்மாவுக்கு 24 மணி நேரப் பதிவு எடுத்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஆண்டுக்கு இருமுறை வரும் மயக்கம் அந்த ஒரே நாளில் வந்து நிற்குமா என்ன? தோலடிக் கருவி சுமார் 3 ஆண்டுகள் விடாமல் கவனிக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடங்களில் வைத்துவிடுகிறார்கள்.

அதற்கும் முன்னால் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புரோஸ்டேட் மாத்திரை எல்லாம் சேர்ந்து அழுத்தத்தை இறக்கிவிடலாம். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், அத்தனையையும் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் இருட்டினால் உடனே உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். காலைப் பின்னிக்கொண்டு தொடையையும் கையையும் இறுக்குவதும் உதவும். உழைக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அது வேறு கதை.

பேஸ்மேக்கர் வைத்த பிறகும் ஒருவர் விழுந்தால் கருவி பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் கருவியே துடிப்பைப் பதிவுசெய்கிறது. விழுந்த நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து அடுத்த பரிசோதனையில் சொன்னால், அந்த நேரத்தில் இதயம் என்ன செய்தது என்று மருத்துவர் எடுத்துப் பார்ப்பார். துடிப்பு ஒழுங்காக இருந்திருந்தால், மறுபடி அந்த மருந்துப் பையிலிருந்துதான் தேட வேண்டியிருக்கும்.