கருமை குறையென்று கற்பித்தவர் யார்?

திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் தமிழ் கற்பிக்கும் யான், சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவியரைத் தம்மைப் பற்றி ஒரு பக்கம் எழுதுமாறு பணித்தேன். காசிமேட்டில் மீன் விற்கும் தாயொருத்தியின் மகள் இவ்வாறு எழுதியிருந்தாள்: "நான் கறுப்பு, ஆகவே அழகில்லாதவள்." எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழையும் இல்லை. ஆயினும் சிவப்பு மையால் திருத்த வேண்டிய ஒரு சொல் அவ்வரியில் இருந்தது. 'ஆகவே' என்பதே அச்சொல். கருமைக்கும் அழகின்மைக்கும் இடையே அக்கரணியத் தொடர்பைக் கட்டிக் கொடுத்தவர் யார்?

தனியே அழைத்துக் கேட்டேன். பொத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். மகளிர் இதழொன்றினின்று கத்தரித்த பக்கம் அது. 'சிவப்பழகு' பெறும் வழி அதில் அச்சாகியிருந்தது. மேலே பால் நிறத்துப் பெண்ணொருத்தியின் ஒளிப்படம். அண்டை வீட்டார் படித்துக் கழித்த இதழ்களை வாங்கிப் படிப்பது அவள் வழக்கம். பாடநூலுக்கு வெளியே அவள் விரும்பிப் படிக்கும் தமிழ் அதுவொன்றே. அந்தத் தமிழே அவளைத் தன்னைத் தான் இகழக் கற்பித்திருக்கின்றது. இதனினும் பெரிய இழிவு தமிழுக்கு உண்டோ?

இவ்விதழ்களில் நல்லன இல்லையென்று கூறுதல் நேர்மையன்று. சட்டம், மருத்துவம், தொழில் பற்றிய பயனுள்ள கட்டுரைகளும் வருகின்றன. ஆயினும் ஒரு பக்கத்தில் 'தன்னம்பிக்கை கொள்' என்று அறிவுரை. அடுத்த பக்கத்தில் முகத்தை வெளுப்பாக்கும் களிம்பு விளம்பரம். இதழை நடத்துவதில் விளம்பரப் பணத்திற்குப் பெரும்பங்கு உண்டு. தன்னிடம் குறையில்லையென்று அறிந்தவள் களிம்பு வாங்காள். ஆதலின் முதலில் குறையை விற்றுப் பின்னர் அதற்கு மருந்தை விற்கின்றனர்.

இந்துசுத்தான் இலீவர் நிறுவனம் 1975இல் 'பேர் அண்டு இலவ்லி' என்னும் களிம்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. நிறம் வெளுத்தால் வேலையும் மணமும் தேடி வரும் என்பதே அதன் விளம்பரங்கள் நெடுங்காலம் சொன்ன கதை. கருநிறத்தாரைத் தாழ்வாகக் காட்டலாகாதென 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நெறி வகுத்தது. 2020இல் அந்நிறுவனமே 'பேர்' என்னும் சொல்லை நீக்கி, 'குளோ அண்டு இலவ்லி' எனப் பெயர் மாற்றிற்று. பெயர் மாறிவிட்டது, 45 ஆண்டுகள் ஊன்றிய எண்ணம் அவ்வளவு எளிதில் மாறுமா? அச்சிதழ் செய்த வேலையை இன்று கைப்பேசித் திரையும் செய்கின்றது. நம் முகத்தையே வெளுப்பாக்கி நமக்குக் காட்டும் ஏந்து அதில் உண்டு.

மறுவாரம் அவ்வகுப்பில் குறுந்தொகையின் 27ஆம் பாட்டைக் கற்பித்தேன். பாடியவர் வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர். தலைவனைப் பிரிந்த தலைவி, தன் மாமையைப் பசலை உண்ண வந்ததே என்று வருந்துகின்றாள். மாமையாவது மாந்தளிர் போன்ற, கருமை தோய்ந்த மேனியழகு. மா என்னும் சொல்லுக்கே கருமையென்னும் பொருளுண்டு. பசலையோ, பிரிவுத் துயரால் மேனி வெளிறிப் பொன்னிறம் படர்தல். வள்ளுவரும் அதனைத் துன்பமாகவே கொண்டு ஓர் அதிகாரம் வகுத்தார். நம் முன்னோர் இழப்பதற்கு அஞ்சிய நிறத்தை, இன்று நம் பெண்மக்கள் காசு கொடுத்துக் கழுவ முயல்கின்றனர்!

பாடம் முடிந்ததும் அம்மாணவி எழுந்து, "ஐயா, என் நிறத்துக்குத் தமிழில் இப்படி ஒரு பெயர் இருந்ததா?" என்றாள். இத்தனை ஆண்டு அதனைச் சொல்லாதிருந்ததற்கு யான் நாணினேன்.

பழியை இதழ்களின் மேல் மட்டும் சுமத்தித் தப்ப இயலாது. மேடையில் 'கருப்புத் தமிழன்' என்று நெஞ்சு நிமிர்த்தும் நம்மவருள், மகனுக்குப் பெண் தேடும்போது 'சிவந்த பெண்' கேளாதவர் எத்துணையர்? பெண்கள் ஒப்பனை செய்யலாகாது என்பதும் என் கருத்தன்று. பூவும் பொட்டும் அவரவர் விருப்பம். பிறந்த மேனியைக் குற்றமாக்குவதே கொடுமை.

மாற்ற இயலாததன்று இது. சென்னையிலேயே 2009இல் கவிதா இம்மானுவேல் என்பார் 'கருமை அழகு' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார். 2012இல் அமெரிக்காவில் 14 அகவைச் சிறுமி யூலியா புளூம், மாதந்தோறும் ஒரு படத்தொகுப்பையேனும் திருத்தாமல் வெளியிட வேண்டுமென்று 'செவன்டீன்' என்னும் இளம்பெண்கள் இதழை எதிர்த்து 80,000க்கு மேற்பட்ட கையொப்பம் திரட்டினாள். பெண்களின் உடலையும் முகத்தையும் திருத்துவதில்லையென அவ்விதழ் உறுதி கூறிற்று.

1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த, பாரதியார் ஆசிரியராயிருந்த 'சக்கரவர்த்தினி' பெண்களின் உயர்வைக் குறிக்கோளாகக் கொண்டது. அந்நோக்கை மீட்பது நம் கடன். தமிழாசிரியர்களே, மாமையென்னும் சொல்லை வகுப்பறைக்கு மீண்டும் கொணருங்கள்! பெற்றோர்களே, உங்கள் மகளை இகழும் இதழுக்கு மகள் கையாலேயே மடல் எழுதச் செய்யுங்கள்! தமிழன்பர்களே, இளம்பெண்கள் விரும்பிப் படிக்கத்தக்க நல்லிதழ் ஒன்றை உருவாக்குங்கள்! எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் பெண்ணின் முகமும், காசிமேட்டில் கூடையோடு நிற்கும் தாயின் முகமும், திருத்தப்படாமல் அதன் அட்டையில் ஒளிரட்டும்!