கிச்சன் கைடு: உங்கள் வீட்டில் இருப்பது நிஜமாகவே சிலிகான் கரண்டிதானா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா நான்-ஸ்டிக் தவாவில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று திருப்பியைத் தூக்கிப் பார்த்து, "இதோட முனை எங்க போச்சு?" என்றார். ஒரு ஓரம் உருகி, நகம் அளவுக்குக் காணாமல் போயிருந்தது. தவாவில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மீதி? அதற்குள் நாலு தோசை சாப்பிட்டு முடித்திருந்தாள் என் தங்கை.

"சிலிகான் செட்" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கி வந்தது நான்தான். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது நைலான்!

இரண்டும் ஒன்றல்ல

நைலான் ஒரு வகை பிளாஸ்டிக். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான உணவில் நைலான் கரண்டி படும் நேரத்தை முடிந்தவரை குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஜெர்மனியின் பி.எஃப்.ஆர் என்ற அரசு நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. நம் வீட்டில் கொதிக்கும் சாம்பாரே கிட்டத்தட்ட 100 டிகிரி! சிலிகான் அப்படியல்ல. நல்ல தரமானது பொதுவாக 200 டிகிரிக்கு மேலும் தாங்கும்.

வாங்கும்போது...

* முனையை வளைத்துப் பாருங்கள். சிலிகான் ரப்பர்போல வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். நைலான் விறைப்பாக இருக்கும். மேஜையில் தட்டினால் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும்.

* 'ஃபுட் கிரேடு' என்ற வார்த்தையும், எத்தனை டிகிரி தாங்கும் என்ற எண்ணும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம், உணவில் படத் தகுந்த பொருள் என்பதைக் குறிக்கும்.

* ரசாயன வாடை பலமாக அடித்தால் வேண்டாம்.

* தலையும் கைப்பிடியும் இடைவெளி இல்லாமல் ஒரே துண்டாக இருப்பது நல்லது. இடுக்கில் மாவும் எண்ணெயும் தங்காது.

பயன்படுத்தும்போது...

சிலிகான் என்பதற்காக அடுப்பிலேயே விட்டுவிடாதீர்கள். பொரிக்கும் எண்ணெய் சுமார் 180 டிகிரி இருக்கும், அதைத் தாங்கிவிடும். ஆனால், வெறும் தவா பெரிய தீயில் காய்ந்தால் சூடு அதைத் தாண்டி எகிறும். கேஸ் தீ நேரடியாகப் பட்டாலும் கருகிவிடும். சிலிகான் மேல் வைத்துக் காய் நறுக்குவதும் கூடாது.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் சிலிகான் தேவையில்லை. இரும்புத் தோசைக்கல்லுக்குப் பழைய இரும்புத் திருப்பியே போதும். நான்-ஸ்டிக் பூச்சு கீறாமல் இருக்கத்தான் சிலிகான்.

கழுவும்போது...

* பிசுபிசுப்பு போகவில்லையா? அது எண்ணெய்ப் படலம். வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான ஸ்பாஞ்சால் தேயுங்கள். கம்பி நார் வேண்டவே வேண்டாம்.

* மீன், பூண்டு வாசனை தங்கினால் ஆப்ப சோடாவைக் குழைத்துத் தடவி, சிறிது நேரம் கழித்துக் கழுவுங்கள். பாயசத்துக்கும் மீன் குழம்புக்கும் தனித்தனிக் கரண்டி வைப்பது இன்னும் நல்லது.

* மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. கழுவி வெயிலில் வைத்தால் கறை மெல்ல மங்கும்.

* கழற்றும் வகை என்றால், தலையைத் தனியாக எடுத்துக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகே மாட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

விரிசல், கிழிசல், கழுவியும் போகாத பிசுபிசுப்பு என எது தெரிந்தாலும் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

தங்கைக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மா இப்போது எந்தக் கரண்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் முனையைப் பார்க்கிறார். இன்று இரவு டிபனுக்கு முன்னால் நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்களேன்!