ஸ்டார்லிங்க் இருக்கே, ரேடியோ எதுக்கு?

பாய்மரப் படகையே வீடாக்கி உலகம் சுத்துறவங்க வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. வேலையை விட்டுட்டு இப்படிக் கிளம்பணும்னு நினைக்கிறவங்க பட்ஜெட் ஷீட்டில் படகு, இன்ஷூரன்ஸ், டீசல், ஸ்டார்லிங்க் எல்லாம் இருக்கும். நீண்ட தூர ரேடியோ வரியைத்தான் முதலில் அடிப்பாங்க. அடிக்காதீங்க.

படகில் வழக்கமாக இருக்கும் விஎச்எஃப் ரேடியோ, இன்னொரு படகோடு சுமார் 20 கடல் மைல் வரைதான் பேசும். மெக்சிகோவிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்கு 2,500 கடல் மைலுக்கு மேல. மூணு, நாலு வாரம் கரையே தெரியாது. எச்எஃப் அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், 100 வாட்டிலேயே ஆயிரக்கணக்கான மைல் போகும். மாசச் சந்தா கிடையாது. ஸ்டார்லிங்க் கம்பெனி பிளானை மாத்தினா, நடுக்கடலில் உங்க பட்ஜெட்டும் மாறும்.

லைசன்ஸும் பெரிய செலவில்ல. அமெரிக்காவில் ஹாம் லைசன்ஸ் கட்டணம் 35 டாலர், 10 வருஷத்துக்குச் செல்லும். எச்எஃப்-க்குத் தேவையான ஜெனரல் கிரேடு தேர்வில் 35 கேள்விக்கு 26 சரியா இருந்தா போதும். மோர்ஸ் கோடு தேர்வை 2007லயே எடுத்துட்டாங்க.

உண்மையான விலை நேரம்தான். பகலில் 14 மெகாஹெர்ட்ஸில் கிடைச்ச ஆளை ராத்திரி 7-ல் தேடணும். பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியே பெரும்பாலும் ஆன்டெனா. அதுக்குக் கிரவுண்ட் சரியில்லைன்னா நீங்க கத்தினாலும் யாருக்கும் கேட்காது. ஃப்ரிட்ஜும் சோலார் கன்ட்ரோலரும் கிளப்புற இரைச்சல் வேற. துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதே மாசக்கணக்கில் தினமும் ஆன் பண்ணிப் பழகினால்தான் இதெல்லாம் கைக்கு வரும். செட்டை வாங்கி மாட்டிட்டு அப்படியே விட்டா, ஜிம் மெம்பர்ஷிப் கதைதான்.

அதனால முதலில் ஷார்ட்வேவ் ரிசீவர் மட்டும் வாங்குங்க. எஸ்எஸ்பி வசதி இருக்கான்னு பாருங்க. அமெரிக்க வானிலைத் துறை போஸ்டன், ஹொனலுலு போன்ற இடங்களிலிருந்து அனுப்புற வானிலை வரைபடங்களை லேப்டாப்பில் இலவசமா எடுக்கலாம். 14.300 மெகாஹெர்ட்ஸில் படகுக்காரங்களுக்காகத் தினமும் நடக்கும் நெட்டைக் கேளுங்க. ஆறு மாசம் கழிச்சும் ஆர்வம் இருந்தா டிரான்ஸ்மிட்டர் வாங்கலாம்.

வின்லிங்க் வழியா ஹாம் ரேடியோவில் மெயில்கூட இலவசம். ஆனா தொழில் விஷயத்துக்கு அனுமதியில்ல. கிளையன்ட்டுக்கு இன்வாய்ஸ் அனுப்பக் கூடாது! ரிமோட் வேலை பார்த்துட்டே போறவங்களுக்கு ஸ்டார்லிங்க் தேவைதான், மறுக்கல.

ஆனா போனில் நீங்க ஒருத்தரிடம்தான் பேசுறீங்க. ரேடியோ நெட்டில் ஒரே பாதையில் போகும் படகுகளை தினமும் குறிச்ச நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாங்க, அவங்கவங்க இருக்கிற இடத்தைச் சொல்வாங்க. ஒரு படகு பதில் சொல்லலைன்னா மத்த எல்லாருக்கும் அன்னிக்கே தெரியும். உயிராபத்துக்கு அமுக்கும் பீக்கன் தனியா இருக்கட்டும். சுக்கான் உடைஞ்சு நிற்கும்போது, 60 மைல் தள்ளி உதிரிக் கம்பியோடும் கொஞ்சம் அனுபவத்தோடும் யார் வர்றாங்கன்னு பீக்கன் சொல்லாது.

இங்கிருந்தே ஆரம்பிக்கணும்னா, தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் ரேடியோ தேர்வு இருக்கு. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு ரெண்டு கிரேடு. ஷீட்டில் ரேடியோ வரிக்குப் பக்கத்தில், பழக எத்தனை மணி நேரம்னு இன்னொரு காலம் சேர்த்துக்குங்க.