துப்பாக்கி ஒரு தடவை. தோட்டா தினம் தினம்!

ஆவடி என்றதும் டாங்கிதான் நினைவுக்கு வரும்.

1965-ம் ஆண்டில் "விஜயந்தா" டாங்கி இங்கிருந்துதான் புறப்பட்டது. "அர்ஜுன்" டாங்கியும் இந்த ஊரில் உருவானதுதான். 2021 அக்டோபர் 1-ந்தேதி, நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் 7 அரசுக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. டாங்கி செய்யும் கம்பெனிக்கு ஆவடியே தலைமை இடம் ஆயிற்று.

இத்தனை பெரிய ஆயுதம் செய்யும் ஊரில், ஒரு வீட்டுப் பிள்ளை கைத்துப்பாக்கி சுடப் பழக விரும்பினால், அதற்கு வேண்டிய தோட்டா வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். நீளம் ஒரு அங்குலம். பருமன் பென்சிலை விடக் குறைவு. ஆனால் குடும்பத்தின் பணத்தைக் கரைப்பது அந்தச் சின்னப் பொருள்தான்!

புது ஆசை

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் மனு பாக்கர் கைத்துப்பாக்கி சுட்டு 2 வெண்கலப் பதக்கங்கள் வாங்கினார். அதற்கு முன்பே நடிகர் அஜீத்குமார் 2021-ல் சென்னையிலும், 2022-ல் திருச்சியிலும் நடந்த மாநிலப் போட்டிகளில் கலந்துகொண்டு பதக்கங்கள் பெற்றார். பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுங்கி இருந்தவர்கள் வீட்டிலும் இப்போது இந்தப் பேச்சு நுழைந்துவிட்டது.

பெற்றோர் முதலில் கேட்பது, "துப்பாக்கி என்ன விலை?" என்பதுதான். அது ஒரு தடவைச் செலவு. கிளப்பில் சேர்ந்தால், அங்குள்ள துப்பாக்கியிலேயே பழகலாம். "ஒரு மாதத்துக்கு எத்தனை தோட்டா?" என்றல்லவா கேட்கவேண்டும்!

ஒரு பிள்ளை நாளைக்கு 100 தடவை சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 4 நாள் பயிற்சி. தோட்டா ஒன்றுக்கு ஒரே ஒரு ரூபாய் விலை கூடினால், வருடத்துக்கு 20 ஆயிரத்து 800 ரூபாய் கூடுகிறது!

முதலில் ஈயக் குண்டு

அதனால்தான் காற்றுத் துப்பாக்கியில் ஆரம்பிப்பது நல்லது. அதில் வெடிமருந்து இல்லை. காற்றின் அழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு பாய்கிறது. 500 குண்டுகள் ஒரு சிறு டப்பாவில் அடங்கும். தட்டைத் தலைக் குண்டாகப் பார்த்து வாங்கவேண்டும். அதுதான் அட்டையில் வட்டமாக ஓட்டை போடும். கூர்த்தலைக் குண்டு கிழித்துவிடும், மதிப்பெண் சரியாகத் தெரியாது.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டியதில்லை. இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். நடு வட்டம் சட்டைப் பித்தான் அளவு. அதைத் தொடர்ந்து அடிக்கக் கை பழகாதவருக்கு, விலை உயர்ந்த தோட்டா வாங்கித் தருவது வீண்.

இன்னும் மலிவான பயிற்சி ஒன்று உண்டு. குண்டே இல்லாமல் குறிபார்த்து விசையை இழுப்பது! பெரிய வீரர்களும் இதைச் செய்கிறார்கள். ஆனால் ".22" துப்பாக்கியை வெறுமனே அப்படி இழுத்தால், ஊசி உலோகத்தில் மோதிப் பழுதாகலாம். பிளாஸ்டிக் போலித் தோட்டா போட்டுக்கொள்ள வேண்டும்.

மலிவு எங்கே உதைக்கும்?

அடுத்த படி 25 மீட்டர் போட்டி. அதற்கு ".22 லாங் ரைபிள்" தோட்டா. பெயர்தான் ரைபிள், கைத்துப்பாக்கிக்கும் இதேதான். நம் நாட்டில் இது புனே பக்கத்தில் உள்ள கட்கி அரசுத் தொழிற்சாலையில் தயாராகிறது. 1869-ல் தொடங்கிய பழைய தொழிற்சாலை. இங்கிலாந்தின் "ஈலி", ஜெர்மனியின் "ஆர்.டபிள்யூ.எஸ்." போன்றவை வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம். உள்நாட்டுத் தோட்டா பயிற்சிக்கு, வெளிநாட்டுத் தோட்டா போட்டிக்கு என்று பிரித்து வைத்துக்கொள்வது பலருடைய வழக்கம்.

இந்த வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை அடிக்கிறது. மருந்து ஓர் இடத்தில் படியாமல் விட்டுப்போயிருந்து, ஊசியும் அங்கேயே விழுந்தால், தோட்டா வெடிக்காது. உள்ளே இருக்கும் வெடிமருந்து கூடிக் குறைந்தால், ஒரு குண்டு மேலே போகும், இன்னொன்று கீழே போகும். பிள்ளையோ, தன் கைதான் ஆடுகிறது என்று எண்ணி, சரியாக இருந்த பழக்கத்தை மாற்றிக்கொள்ளும். மலிவுத் தோட்டாவின் பெரிய நஷ்டம் இதுதான்.

சோதித்து வாங்குவது எப்படி? இரண்டு மூன்று ரகங்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கவேண்டும். துப்பாக்கியை மேசைமேல் மணல் மூட்டையில் தாங்கி, ஒவ்வொரு ரகத்திலும் ஐந்து ஐந்தாகச் சிலமுறை சுடவேண்டும். எந்த ரகத்தின் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ, அதுவே அந்தத் துப்பாக்கிக்குப் பொருத்தம். பக்கத்துத் துப்பாக்கிக்குப் பொருந்தியது இதற்குப் பொருந்தாமல் போகலாம். பெட்டிமேல் உள்ள தயாரிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் மொத்தமாக வாங்குவது புத்திசாலித்தனம். "அதிவேகம்" என்று போட்டிருப்பது வேண்டியதில்லை. சத்தமும் உதையும்தான் மிச்சம்.

லைசென்சு கதை

கடைக்குப் போய்க் கடலைமிட்டாய் போல இதை வாங்க முடியாது. லைசென்சு வேண்டும். அதில் எழுதிய ரகம், எழுதிய அளவு மட்டுமே கிடைக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு 2022 ஜனவரி 1 முதல் ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலகம் தனியாக இயங்குகிறது. மனு அங்கேதான் போகவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று ரசீது இல்லாத தோட்டாவைத் தொட்டால், வழக்குத்தான்.

சுடுவது சுடுதளத்தில் மட்டுமே. ".22" தோட்டாப் பெட்டியிலேயே, ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். 2021 டிசம்பர் 30-ந்தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைச் சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்தபோது, குண்டு ஒன்று பறந்துபோய், தூரத்து வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்தான். அது ராணுவ ரகத் துப்பாக்கி என்பது உண்மை. ஆனால் மொட்டைமாடியில் சுட்டுப் பார்ப்பவரின் குண்டுக்கும் எல்லைக்கோடு கிடையாது.

வெடிக்காத தோட்டா

விசையை இழுத்தும் சத்தம் வரவில்லையா? உடனே திறந்து பார்க்கக் கூடாது. சில தோட்டா தாமதித்து வெடிக்கும். துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்தபடி 30 விநாடி காத்திருந்து, பிறகு பயிற்சியாளரை அழைக்கவேண்டும்.

சென்னைப் பக்கத்து வெயிலும் ஐப்பசி மழையும் தோட்டாவுக்கு ஆகாது. காருக்குள் விட்டுவிட்டுப் போவதும், எண்ணெய் தடவி வைப்பதும் தவறு. எண்ணெய் கசிந்து மருந்தைக் கெடுக்கும். ஈரம் புகாத பெட்டியில் பூட்டி வைப்பதே சரி. பயிற்சி முடிந்து வரும் பிள்ளை, தின்பண்டத்தைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். விரலில் ஒட்டியிருப்பது ஈயம்.