முழங்காலை மாற்றிய அரசு வேலையை மாற்றவில்லை

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை ஒரு காலத்தில் வசதி படைத்தோருக்கே உரியதாக இருந்தது. இன்று தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்தினர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெற முடிகிறது. 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்கப்பட்ட கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாயாகக் குறைந்தது. இவை இரண்டும் உழைக்கும் மக்களுக்குக் கிடைத்த உண்மையான பயன்கள். அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் அறுவை அரங்கை விட்டு வெளியே வந்தவுடன் அரசின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. புதிய மூட்டோடு அந்தத் தொழிலாளி எந்த வீட்டுக்கு, எந்த வேலைக்குத் திரும்புகிறார் என்பதை எந்தத் துறையும் கேட்பதில்லை. அந்த மூட்டு ஏன் தேய்ந்தது என்பதும் கேட்கப்படுவதில்லை.

முழங்கால் தேய்மானத்திற்கு வயது, உடல் எடை, மரபு, பழைய காயம் எனப் பல காரணங்கள் உண்டு. நீண்ட ஆண்டுகள் குந்தியும் மண்டியிட்டும் பாரம் சுமந்தும் செய்யும் வேலை அக்காரணங்களுள் ஒன்று என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் சமூகத்தில் அந்த வேலைகளை யார் செய்கிறார்கள் என்பது இரகசியமன்று. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் பதியப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். சேற்றில் குனிந்து நாற்று நடுவோரிலும், குந்தியபடியே களையெடுப்போரிலும், செங்கல் சூளையில் கல் அறுப்போரிலும் நிலமற்ற தலித் பெண்களின் பங்கு பெரிது. சாதி வகுத்தளித்த வேலை மூட்டைத் தேய்க்கிறது. மருத்துவமனை ஏட்டிலோ அது வெறும் ‘வயது முதிர்வால் வந்த தேய்மானம்’ என்றே பதிவாகிறது.

இந்தப் பதிவு சட்டத்தில் பெரும் விளைவை உண்டாக்குகிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தொழில்சார் நோய்களை அதன் மூன்றாம் அட்டவணையில் பட்டியலிட்டது. உரிய வேலையில் இருந்தவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், அது வேலையால் வந்தது என்றே சட்டம் கருதும். இல்லை என்று நிறுவ வேண்டியது முதலாளியின் சுமை. பட்டியலில் இல்லாத நோய் என்றால், குறிப்பிட்ட ஒரு பணியிட விபத்தின் நேரடி விளைவே அந்த நோய் எனத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டும். இருபது ஆண்டுகளில் அணு அணுவாகத் தேய்ந்த முழங்காலுக்கு விபத்து நடந்த நாள் என்று எதைக் காட்டுவது? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதே கட்டமைப்பைத் தொடர்கிறது. குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலையால் வரும் முழங்கால் தேய்மானம் அதன் பட்டியலிலும் இல்லை.

வேறு நாடுகளில் இது கேட்டிராத கோரிக்கையன்று. பத்தாண்டுகள் அல்லது அதற்கு மேல் நிலத்தடியில் உழைத்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் முழங்கால் தேய்மானத்தை 2009ஆம் ஆண்டிலேயே பிரிட்டன் தொழில்சார் நோயாக ஏற்றது. அதே ஆண்டில் ஜெர்மனியும், வாழ்நாளில் குறைந்தது 13,000 மணி நேரம் மண்டியிட்டு வேலை செய்தவர்களுக்கு அதே ஏற்பை வழங்கியது. நெடுநேரம் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலையால் முழங்கால் சவ்வுக்கு ஏற்படும் சேதம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அங்கே கணக்கிடத் தக்கதாக இருந்த உழைப்பு நேரம் இங்கே கணக்கில் வராததற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. உழைப்பவர் யார் என்பதே காரணம்.

இனி, அறுவைக்குப் பிந்தைய வாழ்வு. தரையில் சம்மணமிட்டு அமராதீர்கள், குந்தாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், வெஸ்டர்ன் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள் என்பவை நோயாளிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரைகள். இடுப்பு மூட்டு மாற்றியவரிடம், தொடக்க வாரங்களில் இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்க வேண்டாம் என்றும் கூறுவதுண்டு. இவை ஒவ்வொன்றும் நோயாளியிடம் கட்டிலும் நாற்காலியும் தனிக் கழிப்பறையும் இருப்பதாக எண்ணிக்கொண்டு சொல்லப்படுபவை. தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஊர்ப்புறங்களில் கட்டப்பட்ட கழிப்பறைகளில் பெரும்பாலானவை குந்தி அமரும் வகையைச் சேர்ந்தவை. சேரியின் பொதுக் கழிப்பறையும் அப்படியே. இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமான சிகிச்சை, சில ஆயிரம் ரூபாய் பெறும் ஒரு கழிப்பறைக் கோப்பை இல்லாததால் முழுப் பயன் தராமல் போகிறது.

வேலையின் நிலை இதைவிட மோசம். கடின உடலுழைப்புக்குத் திரும்ப மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவருக்கு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பணப்பயன் உண்டு. அதற்கு ஒப்பந்ததாரர் முறையாகச் சந்தா கட்டியிருக்க வேண்டும். கூலிக்குக் களையெடுக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4)இல் தெளிவாகச் சொல்கிறது: பணிக்காலத்தில் இயலாமைக்கு உள்ளான ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய வேலை பொருந்தாவிடில் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். சிகிச்சைக்குப் பின்னும் இயலாமை நீடிக்கும் நிரந்தரத் தூய்மைப் பணியாளர் இப்பிரிவை நாடலாம். ஒப்பந்தப் பணியாளர் நாடினால், ‘இவர் எங்கள் ஊழியரே அல்லர்’ என்பதே உள்ளாட்சி அமைப்பின் முதல் பதிலாக இருக்கும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் பதின்மூன்று நாட்கள் அமர்ந்திருந்தது ஊதியத்திற்காக மட்டுமன்று. யாருடைய ஊழியர் என்ற கேள்விக்கான விடையில்தான் தேய்ந்த முழங்காலின் எதிர்காலமும் அடங்கியிருக்கிறது.

புதிய மூட்டும் நிலையானதன்று. பழுதானால் மீண்டும் அறுவை தேவைப்படும். அப்போது உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் கருவி, எந்தத் தொகுதி எண் என்ற விவரம் நோயாளியின் கையில் இருந்தாக வேண்டும். டிபியூ நிறுவனம் 2010இல் உலகெங்கும் திரும்பப் பெற்ற ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் பொருத்தப்பட்டிருந்தது. 2018இல் இழப்பீட்டு வரையறை அறிவிக்கப்பட்டபோது அவர்களில் பெரும்பாலோரைக் கண்டறியவே முடியவில்லை. ஆவணம் இல்லாத நோயாளிக்கு உரிமையும் இல்லை என்பதே அதன் பாடம்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. தூய்மைப் பணி, வேளாண் கூலி, செங்கல் சூளை, சுமைப் பணி ஆகியவற்றில் நெடுங்காலம் உழைத்தோரின் முழங்கால், இடுப்புத் தேய்மானம் தொழில்சார் நோயாக அறிவிக்கப்பட வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டமே மூன்று மாத முன்னறிவிப்புடன் பட்டியலை விரிவாக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்திருந்தது. ஒரு நூற்றாண்டாக அந்த அதிகாரம் இவர்களின் முழங்காலுக்குப் பயன்படவில்லை. மருத்துவமனை ஏடுகளில் நோயாளியின் தொழிலும், அதைச் செய்த ஆண்டுகளும் கட்டாயம் பதியப்பட வேண்டும். காப்பீட்டுத் தொகுப்பில் மூன்று மாத வாழ்வூதியமும் கழிப்பறை மாற்றத்திற்கான தொகையும் சேர்க்கப்பட வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஏற்கெனவே இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு செல்கிறது. அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் பெயரும் அன்றே அதில் பதியப்பட வேண்டும். கருவியின் விவரம் தமிழில் எழுதிய அட்டையாக நோயாளிக்குத் தரப்பட வேண்டும். ஒப்பந்தப் பணியாளருக்கும் மாற்றுப்பணி உரிமை விரிவாக்கப்பட வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. பணிக்காலத்திலும் ஓய்வுக்குப் பின்னும் தொழிலாளியின் உடல்நலம் காக்கப்படுவது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் அடிப்படை உரிமை என்று 1995ஆம் ஆண்டின் அஸ்பெஸ்டாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அஸ்பெஸ்டாஸ் தூசியால் கெட்ட நுரையீரலுக்குப் பொருந்தும் அந்த நீதி, வயலிலும் தெருவிலும் தேய்ந்த முழங்காலுக்கும் பொருந்தும். தொழிற்சங்கங்களும் தலித் இயக்கங்களும் அடுத்து முன்வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் இது இடம்பெற வேண்டும்.