பிள்ளை பெற்றவளின் காய்ச்சலுக்கு வீட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள்

"பால் கட்டியிருக்கு, அதான் காய்ச்சல். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

பிரசவமான வீடுகளில் இந்தத் தீர்ப்பைச் சொல்லாத பெரியவர்கள் குறைவு. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தீர்ப்பு தவறினால் போவது தாயின் உயிர்.

பால் கட்டினால் உடம்பு லேசாகச் சுடலாம், மறுக்கவில்லை. ஆனால் 100.4 டிகிரியைத் தொட்ட காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, கெட்ட வாடையுடன் உதிரப்போக்கு, தையலில் சீழ் — இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி பிரிந்த இடம் கர்ப்பப்பைக்குள் ஆறாத புண். அங்கே நுழையும் கிருமி இரத்தத்தில் கலந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மூச்சு வாங்கும், நாடி படபடக்கும், பேச்சு குழறும், சிறுநீர் குறையும். காய்ச்சல் விட்டு உடம்பு சில்லிட்டும் போகலாம். "ஜன்னி", "காத்து கருப்பு" என்று மந்திரிக்க ஓடுகிறோமே, அது செப்சிஸாக இருக்கலாம். அதற்குத் தேவை தாயத்து அல்ல, நரம்பு வழியே ஏற்றும் ஆன்டிபயாடிக். மெடிக்கலில் வாங்கும் இரண்டு மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது.

"எங்க காலத்துல இதெல்லாம் பார்த்தோமா?" என்பார்கள். அந்தக் காலத்தில் பிழைக்காதவர்கள் பதில் சொல்ல இன்று இல்லையே!

மருத்துவர்களும் தப்ப முடியாது. 1847இல் வியன்னா மருத்துவமனையில் பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்த்தார்கள். ஏப்ரலில் நூறு தாய்மார்களில் சுமார் 18 பேர் இறந்தார்கள். செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஜூனில் அது சுமார் 2 ஆனது. அப்படியும் "எங்கள் கையா அழுக்கு?" என்று பலர் கோபித்தார்கள். அந்தக் கௌரவம் இன்னும் சாகவில்லை. கை கழுவாமல் தாயைத் தொட வருபவர் யாராக இருந்தாலும், "கை கழுவிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல.

தீட்டு என்று இருட்டறையில், பழந்துணியில் ஒதுக்காதீர்கள். வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சுத்தமான நாப்கின், தினமும் குளியல், வேண்டிய அளவு தண்ணீர், வீட்டில் ஒரு தெர்மாமீட்டர். 42 நாள் வரை கண்காணியுங்கள். நிலைமை மோசமானால் 108ஐ அழையுங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரியிலும் ஓடுகிறோம். பெற்றவளுக்கு மட்டும் ஏன் "ரெண்டு நாள் பார்ப்போம்"?