ஒரு மை, ஒரு தூரிகை

“வர்ணப் பெட்டி வாங்கிக் கட்டுபடியாகாது”, “படம் கீறிப் பிள்ளை என்ன செய்யப் போகிறாள்?” சித்திரப் பாடம் பற்றி எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சுகள் இவை. இரண்டுக்கும் சீனத்து மூங்கில் ஓவியம் விடை தருகிறது என்பது என் கருத்து.

அதற்குத் தேவையானவை நான்கே: தூரிகை, மைக்கட்டி, மைக்கல், தாள். புகைக்கரியை விலங்குப் பசையோடு பிசைந்து, அச்சிலிட்டு உலர்த்தியதே மைக்கட்டி. அதைக் கல்லில் நீர் விட்டு உரைத்தால் மை. நீர் கூடினால் சாம்பல் நிறம், குறைந்தால் கடுங்கறுப்பு. தண்டைக் கணுவுக்குக் கணு நிறுத்தி இழுப்பார்கள். இலையை அழுத்தித் தொடங்கி, தூரிகையை மெல்ல உயர்த்தி முடிப்பார்கள். தாள் மையை உடனே உறிஞ்சிவிடும். அழித்துத் திருத்த வழியில்லை. ஆதலால் கை அசையுமுன் மூங்கில் முழுவதும் மனதில் நிற்க வேண்டும். பொறுமையும் துணிவும் இதைவிட எளிய செலவில் எங்கே கிடைக்கும்?

இக்கலை ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. குவான் தாவோஷெங் (1262–1319) என்ற பெண்மணி மூங்கில் ஓவியத்தால் பெரும்புகழ் பெற்றார். 1308இல் அவர் வரைந்த மூங்கிற் சுருள் இன்றும் தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1924இல் தாகூருடன் சீனா சென்ற நந்தலால் போஸ், அந்த மை முறையை அறிந்து திரும்பினார். ஆனால் மூங்கிலையே பிரதி செய்துகொண்டிருக்கவில்லை. சாந்திநிகேதனைச் சூழ்ந்த மரங்களையும் மனிதரையும் மையால் வரைந்தார். நாம் பின்பற்ற வேண்டியது இதைத்தான்.

மை நமக்கும் புதிதல்ல. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குக் கரி பூசியவர்கள் நம் முன்னோர். அரபு எழுத்தணிக் கலைஞர்கள் நாணற் பேனாவையும் புகைக்கரி மையையும் கையாண்டார்கள். உயிரினங்களை வரையத் தயங்கும் வீடுகளிலும் மரஞ்செடி வரையப் பெரும்பாலும் மறுப்பிருப்பதில்லை.

கோப்பாயில் பனைக்குக் குறைவில்லை. மாணவியரே, ஒரு பனையைச் சில நாள் உற்றுப் பாருங்கள். பின்பு அழிறப்பரை ஒதுக்கிவிட்டு வரையுங்கள். இங்குள்ள ஆசிரியர் கலாசாலையில் பயிலும் ஆசிரியர்களும் இம்முறையை வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம். பெற்றோரே, வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு விடுங்கள். அந்த நேரத்தில் புள்ளி எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள்.